ஆறு மணிக்குக் கரையேறினோம்

2023 டிசம்பர் 27, புதன்

இன்றும் வீடு வந்தபோது அவர் தூங்கிவிட்டிருந்தார். சேலம் பஸ்ஸில் கண்டக்டர். விடியும் முன்பே கிளம்ப வேண்டும். கல்யாணமாகி ஐந்து மாதம், பேச்சில் முக்கால்வாசி வாட்ஸ்அப்பில்தான்.

சின்னசேலத்தில் உரக்கடை மாடியில் எங்கள் கம்பெனி. விவசாயிகள் போன் செய்தால் நெல் அறுக்கும் வண்டி அனுப்புவோம். முதலாளி அரங்கநாதன் சார், அப்புறம் நான், பூமாலை, கண்ணாயிரம். ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலைக்கு முடிவு என்ற ஒன்றும் இல்லை.

ஜனவரி 2, செவ்வாய்

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “சார், ஆறு மணிக்குக் கிளம்பட்டுமா? எனக்குத் தலைப்பொங்கல் வருது.”

“நம்ம கம்பெனி இன்னும் கைக்கொழந்த, நாயகி. கொழந்தைக்கு நேரம் காலம் உண்டா?”

கைக்குழந்தைகூடத் தூங்கும் சார் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பிற்பாடு கம்பெனியில் பங்கு தருவதாக வேறு சொன்னார். பங்கு யாருக்கு வேண்டும்? எனக்கு என் சாயங்காலம் வேண்டும்.

ஜனவரி 4

பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. அவ்வளவுதான்.

ஜனவரி 8, திங்கள்

கண்ணாயிரம் தூக்கக் கலக்கத்தில், மணலூர்பேட்டைக்குப் போக வேண்டிய வண்டியை ரிஷிவந்தியத்துக்கு அனுப்பிவிட்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கதிர் எல்லாம் சாய்ந்துவிட்டது. அந்த விவசாயி போனில் திட்டியதில் தப்பே இல்லை.

சார் சொன்ன தீர்ப்பு — இனி இன்னும் ஒரு மணி நேரம் கூட இருந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்க வேண்டுமாம். தூக்கம் இல்லாமல் வந்த தப்புக்கு, மிச்சத் தூக்கத்தையும் பிடுங்குவதா மருந்து?

ஜனவரி 9

டீக்கடையில் பூமாலை பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் நிலபுலன் உண்டு. “எங்கப்பா ஊரையே மெரட்டுவாரு. நடவு ஆளுங்க நேரமாச்சின்னு வயல வுட்டுக் கரையேறிட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. மறுநா ஒருத்தரும் வர மாட்டாங்களே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிக் கரையேறுகிற கூட்டத்தில்தான் என் அம்மா. பள்ளி லீவில் நானும் நட்டிருக்கிறேன். யாரும் தனியாக ஏற மாட்டார்கள். ஒருத்தி நிமிர்ந்தால் வரிசையே நிமிரும். நான் மட்டும் தனியாகப் போய்க் கேட்டேனே, புத்தி கெட்டவள். நாற்காலியில் உட்கார்ந்ததும் இது எப்படி மறந்துபோனது?

இரண்டு பேரிடமும் சொன்னேன். கண்ணாயிரம் உடனே சரி என்றார்.

ஜனவரி 10, புதன்

ஆறு மணிக்கு எழுந்தேன். அவர்களும் எழுந்தார்கள்.

“இன்னா இது, மூணு பேரும் எங்க?” என்றார் சார்.

“வூட்டுக்கு சார். காலையில நேரத்தோட வந்துடறோம்” என்றேன்.

“அப்ப போன யாரு எடுக்கறது?”

பையை எடுத்துக்கொண்டு மூவரும் படி இறங்கினோம். நாளைக்கு வேலை இருக்குமா? வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். “போனா போவுது வுடு” என்றார். ஆனால் அவர் சம்பளம் மட்டும் வீட்டுக்குப் போதாது, அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஜனவரி 11

வேலை இருக்கிறது. சார் முகம் கொடுக்கவில்லை. ஆறுக்கு மறுபடியும் எழுந்தோம்.

ஜனவரி 12, வெள்ளி

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. நேற்று நாங்கள் போன பிறகு சார் தனியாகப் போன் எடுத்திருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் அறுவடை வண்டி கேட்க, அசதியில் என்ன பயிர் என்றே கேட்காமல் அனுப்பிவிட்டார். காலையில் மலைமேல் வெள்ளிமலை ஊரிலிருந்து டிரைவர் பேசினார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“சார், வந்து சேந்துட்டேன். இங்க நெல்லே இல்ல, அத்தினியும் மரவள்ளி. கெழங்க எப்டி சார் அறுக்கறது?”

பூமாலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

“ரெண்டு நாளைக்கே எனக்குக் கண்ணு கட்டுது. நீங்க எப்டி இத்தினி மாசம் ஓட்டிக்கினு இருந்தீங்க?”

“அதத்தான் சார் கேட்டேன்” என்றேன்.

சாயங்காலப் போனுக்கு வேறு ஆள் வருகிறார். எங்களுக்கு ஆறு மணி. ஜெயித்துவிட்டோம்.

ஜனவரி 15

தலைப்பொங்கல். எழுத நேரமில்லை, சந்தோஷமாக.

ஜனவரி 19, வெள்ளி

மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்கு அவரும் நானும் போனோம். பெண்ணையாற்று மணல் தெரியாத கூட்டம். கரும்புக் கடை பக்கத்தில் அரங்கநாதன் சார், தோளில் மகளோடு. “இங்க ஆபீஸ் பேச்சு வேணாம் நாயகி” என்றார்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மொதல்ல எழுந்தது நீதானா? இப்பல்லாம் கொழந்த முழிச்சிக்கினு இருக்கறப்பவே வூட்டுக்கு வந்துடறாரு.”

சொல்லிவிட்டும் கையை விடவில்லை. இத்தனை நாளும் அந்த வீட்டிலும் ஒருத்தி காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லை.