பெனால்டிக்கு முதுகு காட்டுபவர்

1 பெப்ரவரி 2025, சனி

ஃபுட்போல் மாட்சுக்குப் போய் வந்தோம். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஹெக்டருக்குச் சனிக்கிழமை என்றால் புளூமென்டல் ரோவர்ஸ். எனக்குச் சனிக்கிழமை என்றால் உடுப்புத் தோய்க்கிற நாள். இன்றைக்குத்தான் முதல்தடவை ஸ்டேண்டில் ஏறி உட்கார்ந்தேன். பந்தைப் பார்க்க அல்ல, இவரைப் பார்க்க.

நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முதல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் சரிந்த மனுஷன். ரொஷேல் வெள்ளவத்தையிலிருந்து போன் எடுத்துக் கத்தினாள். "டாடியைக் கிரவுண்டுக்கு விட்டீங்க என்டா நான் இனி அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் மம்மி." நல்லது மகள், நீயே வந்து கட்டிப்போட்டு வை. போகாதே என்றால் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார். அது எனக்கு இன்னும் பயம். சத்தம் போடாமல், குதிக்காமல் இருந்தால் போகலாம் என்று டொக்டர் சொன்னார். அப்படியென்றால் நானும் வருவேன் என்றேன்.

என் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை, பிளாஸ்கில் சுடுதண்ணீர், ஒரு துவாய். ஸிப்பைத் திறந்தே வைத்திருந்தேன்.

பெனால்டி ஒன்று கிடைத்தது. இவர் எழும்பி மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "நான் பார்த்தா உள்ள போகாது. நீ பார்த்துச் சொல்லு." இவ்வளவு காலமும் யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்து ஸீட் நப்ரீஸ் சிரித்தார். கிராண்ட்பாஸில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், இவருடைய மாட்ச் கூட்டாளி. "நான்தான் ஆன்டி. இனி ஒங்கட டியூட்டி."

கோல் என்றேன். அதற்குப் பிறகுதான் திரும்பினார். பப்பரே பேண்ட் ட்ரம்பெட்டும் மேளமுமாகக் காதைக் கிழித்தது. நான் இவருடைய உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4 பெப்ரவரி, செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தே போனேன். மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கேட்டேன்: அந்தோனியாரே, அவருடைய நோவை எடுத்து எனக்குப் போடும். நான் தாங்குவேன். செவ்வாய் தவறாமல் நடந்து வருகிறேன், தவக்காலம் முழுக்க ஒருநேரச் சாப்பாடு.

நேர்த்திக்கடனை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். இங்கே எழுதுவது சொன்னதாகுமா? ஆகாது. இது எனக்கு மட்டும்தானே.

15 பெப்ரவரி, சனி

இரண்டுக்கு ஒன்று, வெற்றி. இவர் பிள்ளை மாதிரி அமைதியாக இருந்தார். கத்தியது நான்! எட்டாம் நம்பர் பொடியனைக் காலில் வெட்டி விழுத்திவிட்டான் ஒருவன், ரெஃப்ரி வாயைத் திறக்கவில்லை. "கண் பொட்டையா?" என்று எழும்பியேவிட்டேன். ஸ்டேண்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "கொறற்றி, டொக்டர் சத்தம் போடவேணாம் என்டு சொன்னது எனக்கா உனக்கா?" என்று இவர் கேட்க, நப்ரீஸ் குடித்த பிளேன்டீ மூக்கால் வந்தது.

அறுபத்திரண்டு வயதில் இது என்ன வெட்கக்கேடு. சந்தோஷமாகவும் இருந்தது.

25 பெப்ரவரி, செவ்வாய்

கொச்சிக்கடையிலிருந்து வரும்போது தாடை உளைந்தது. பல்லாக இருக்கும் என்று பார்த்தால் அந்தப் பக்கம் பல்லே இல்லை. பிறகு அது இடது தோளுக்கு இறங்கியது. மதிலில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் இவர் மாடிப்படியில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறார். இளைப்பில்லை.

கேட்டது கிடைத்துவிட்டதா? இது பயமா, நன்றியா? நன்றிதான். நன்றி, அந்தோனியாரே.

8 மார்ச், சனி

தவக்காலமும் நோன்பும் இந்த முறை ஒன்றாக வந்திருக்கிறது. எனக்கு ஒருநேரச் சாப்பாடு, நப்ரீஸுக்கு நோன்பு. வரிசையில் வயிறு நிரம்பியவர் ஹெக்டர் மட்டும்தான், அவர் கடலைச் சுருளோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வெட்கமில்லாமல் இருந்தார். பாங்கு கேட்டதும் நப்ரீஸ் பேரீச்சம்பழத்தில் ஒன்றை எனக்கும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று.

"ஆன்டி, இப்பிடி வேர்த்துக் கொட்டுதே. சொகமில்லயா?"

பசிக் களைப்பு என்றேன். துவாயை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். அது இவருக்கென்று கொண்டுபோன துவாய்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆனால் மூன்றாம் இடத்தில் இருக்கிறோம். நாம் என்று எழுதுகிறேன், பார்.

18 மார்ச், செவ்வாய்

இவருக்குக் கிளினிக். டொக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிஸ்டர் ஹெக்டர், இந்த ஹார்ட் புதுசா வாங்கினது மாதிரி இருக்குது." இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரோவர்ஸ் கதையைத் தொடங்கிவிட்டார். டொக்டர் என் பக்கம் பார்த்தார். "அம்மா வெளிறிப்போய் இருக்கிறீங்க. நீங்களும் ஒருக்கா ஈசிஜி எடுத்துப் பாருங்க, கீழேதான்."

ஈஸ்டர் முடியட்டும் டொக்டர், இப்போது உபவாசம் என்றேன்.

எடுத்துப் பார்த்து ஏதாவது இருக்கிறது என்று சொன்னால் குளிசை தருவார். குளிசை போட்டால் நோவு போகும். போகிற நோவு எங்கே போகும்? நான் கேட்டு வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்?

கிளினிக் முடிந்து கோயிலுக்கும் போனேன். வழியில் இரண்டு தடவை நின்றேன்.

22 மார்ச், சனி

மூன்றுக்கு ஒன்று. ஸ்டேண்ட் படியில் கண் இருட்டியது. யாரோ கையைப் பிடித்தார்கள். இவர் கீழே வடை வாங்கிக்கொண்டு நின்றார், இதைக் காணவில்லை. நல்ல காலம்.

27 மார்ச், வியாழன்

ரொஷேல் வந்தாள். இனி அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்றவள்தான், கேக்கும் கொண்டு வந்தாள். தகப்பனைச் சுற்றிச் சுற்றி வந்து பிரஷர் பார்த்தாள், கால் வீங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. மகள், இந்தக் கையைக் கொஞ்சம் தேய்த்து விடு என்று. சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் எனக்கு அழுகை வரும், எல்லாம் கொட்டிப்போகும்.

ஐயோ, ஒருத்தரும் என்னை ஒருக்கா நிமிர்ந்து பார்க்கேல்லையே. இதை ஏன் எழுதிறன்? நான்தானே மறைக்கிறன். பிறகு என்ன குறை எனக்கு?

1 ஏப்ரல், செவ்வாய்

போய் வந்தேன். முச்சக்கர வண்டியில். அந்தோனியார் மன்னிக்கவேண்டும், நடக்க முடியவில்லை. வண்டிக்காரன் "அம்மே, அசனீபத?" என்று கேட்டான். சுகமில்லையா என்று இவனும் கேட்கிறான். இல்லை மகன் என்றேன்.

நடக்காமல் போனதால் நேர்த்தி முறிந்துவிட்டதோ? இரவு முழுக்க இவர் மூச்சுவிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒழுங்காகத்தான் வந்தது.

4 ஏப்ரல், வெள்ளி

நாளை கடைசி ஹோம் மாட்ச். வென்றால் கிண்ணம் நமக்கு. இவர் நீலச் சட்டையை அயர்ன் பண்ணி, எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அளவு பெரிது. போட்டுக் காட்டினேன். "ரோவர்ஸ் கோல்கீப்பர் மாதிரி இருக்கிற" என்றார். சிரித்தேன், சிரித்தால் இடது பக்கம் இழுக்கிறது.

குளிசை, பிளாஸ்க், துவாய், எல்லாம் பையில் வைத்துவிட்டேன். நாளைக்கு மட்டும் இவருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது. இவ்வளவு ஆரவாரத்தை அந்த நெஞ்சு தாங்கவேண்டும்.

எட்டாம் நம்பருக்குக் கால் சரியாகிவிட்டதாம். கடவுளே, ஒரு கோல்.

17 ஜனவரி 2026, சனி

கொறற்றி, இது ஹெக்டர். உன் புத்தகத்தில் எழுதுகிறேன். முன்பக்கங்களைப் புரட்டவில்லை. அது உன் கதை. மாட்ச் நாளில் நீ இதில் ஸ்கோர் எழுதுவாய் என்று மட்டும் எனக்குத் தெரியும், அதனால்தான்.

இன்றைக்குப் புது சீசன், முதல் ஹோம் மாட்ச். ரொஷேல் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. பையை நான்தான் கொண்டுபோனேன். உன் ஸீட்டில் வைத்தேன். ஒருவரும் அதில் இருக்கக் கேட்கவில்லை.

அன்றைக்கு, அந்தக் கடைசி மாட்ச் முடிகிற நேரத்தில் பெனால்டி. நான் வழமை போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஸ்டேண்டே குலுங்கியது. அது கோலுக்கும் குலுங்கும், தவறினாலும் குலுங்கும். "கொறற்றி, என்ன?" என்று கேட்டேன். நீ பேசவில்லை. விளையாடுகிறாய் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டுகூட நின்றேன், கொறற்றி. "சொல்லடி" என்றேன். நப்ரீஸ் "அங்கிள், ஆன்டி!" என்று கத்தின பிறகுதான் திரும்பினேன். நீ பையைக் கட்டிப்பிடித்தபடி என் ஸீட் பக்கம் சாய்ந்திருந்தாய். குளிசை பையில்தான் இருந்தது. எனக்கென்று வைத்தது. நப்ரீஸ் அதை எடுத்து உன் வாயில் வைக்கப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

உனக்கு இப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது என்கிறார்கள். என் நெஞ்சு நன்றாக இருக்கிறதாம், போன கிழமையும் டொக்டர் சொன்னார். எனக்கு அது என்னத்துக்கு?

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்கு நான் நடக்கிறேன். நீ அங்கே என்ன கேட்டாய் என்று தெரியாது. நீ கேட்டதைக் கொடுக்கச் சொல்லித்தான் நானும் கேட்கிறேன்.

இன்றைக்கும் ஒரு பெனால்டி வந்தது. "நீங்க திரும்புங்க அங்கிள், நான் சொல்றன்" என்றார் நப்ரீஸ். நான் திரும்பவில்லை. கண்ணை மூடவுமில்லை. எட்டாம் நம்பர் அடித்தான், கீப்பர் மற்றப் பக்கம் விழுந்தான். நான் பார்த்தும் உள்ளே போனது.

ஒன்றுக்குப் பூச்சியம், வெற்றி.

அன்றைக்கும் கோல்தான், கொறற்றி. இவ்வளவு நாளும் உனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.