நாக்கில் வாங்கிய நற்கருணை

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

உன் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய ஒட்டு நகங்களில் மிச்சத்தை எடுத்தது நான்தான். செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டிக்கொண்டேன். பள்ளியில் நகம் பார்ப்பார்களே என்று திங்கட்கிழமை காலையில் பல்லால் பிய்த்தேன். என் சொந்த நகமும் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டது. ஊசியால் குடைந்து சுத்தம் செய்தேன், இன்னும் அதிகமாகத் தூக்கிக்கொண்டது. ஒரு நகம் பச்சையாகிறது. விரலை எடுத்துவிடுவார்களா அக்கா?

அடுத்து வந்த ஞாயிறு பூசையில் எல்லாரும் கையை நீட்டி நற்கருணை அப்பம் வாங்கினார்கள். நான் கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்து, முழங்காலிட்டு நாக்கை நீட்டினேன். வெளியே வந்ததும் அம்மா சித்தியிடம், "பாத்தியா, எம் மவளுக்கு எம்புட்டு பக்தி! கையால தொடக்கூட மாட்டேங்குறா" என்றாள்.

"அப்ப கன்னியர் மடத்துல சேத்துர வேண்டியதுதான்" என்று சித்தி சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. கண் கலங்கி என் நெற்றியில் சிலுவை போட்டாள். வரும் ஞாயிறு காணிக்கைத் தட்டை நான் ஏந்த வேண்டும் என்று ஃபாதரிடமும் கேட்டுவிட்டாள்.

நீ நர்ஸுக்குப் படிக்கிறாய், நகத்துக்கு மருந்து தெரிந்திருக்கும். சனிக்கிழமையே வந்துவிடு. விரலை நானே அம்மாவிடம் காட்டிவிடுவேன். நாக்கை எதற்கு நீட்டினேன் என்பதை மட்டும் நீ அவளிடம் சொல். அப்போது நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன்.

உன் துணைக்காகக் காத்திருக்கும்
தங்கை