இரண்டாம் ஊசிக்கு வராதவர்கள்

அம்மாவுக்கு மாளவிகாவின் நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா? திருவனந்தபுரத்தில் நான் சௌக்கியம்.

எங்கள் ஆபீஸில் ஓர் ஆஸ்பத்திரிக்காக, இரண்டாம் தடுப்பூசிக்கு வராத குழந்தைகளைக் கம்ப்யூட்டரில் தேடினோம். கல்யாணத்தில் சாப்பிட்டவர்களைக் குறித்துக்கொண்டு, அதில் இல்லாதவர்களைப் பந்திக்குக் கூப்பிடுவாயே, அதேபோல கேள்விக்குள் ஒரு கேள்வி. "யாருமில்லை" என்று பதில் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர்கூட விடுபடாத பந்தி உண்டா? நான் நம்பவில்லை. ஊசிக்கு வந்தவர்கள் பட்டியலில் ஒரு குழந்தையின் எண் காலியாக இருந்தது. அது யாராகவும் இருக்கலாமென்று கம்ப்யூட்டர் ஒருவரையும் காட்டவில்லை. அதை விலக்கினேன், நாற்பத்திரண்டு குழந்தைகள் கிடைத்தார்கள்! "கொள்ளாம் மோளே", நன்றாயிருக்கிறது மகளே என்றார் மேனேஜர். நேற்றே முப்பது பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. பஸ் ஸ்டாப்பில் எழுதுகிறேன், நான் ஏறவேண்டிய கிழக்கேகோட்டை பஸ் வந்துவிட்டது. தினமும் போன் பண்ணி, சாப்பிட்டாயா என்று கேள். இங்கே சாப்பிடாதவர்கள் பட்டியலை யாரும் எடுப்பதில்லை.

மாளவிகா