தகரப் பெட்டியில் ஒரு தாள் குறைகிறது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பைக் கேட்டால் இங்கே எல்லோரும் நலம், மனதைக் கேட்காதே. உனக்கு இருமல் நின்றதா, அந்தக் குளிரில் ஆய்வகத்துக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்பதை முதலில் எழுது. என் கையெழுத்தைப் படிக்க மருந்துக்கடைக்காரரைக் கூட்டி வர வேண்டியிருக்கிறது என்று நீ கேலி செய்த நாளிலிருந்து நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள், இதுவும் அப்படித்தான். முடித்ததும் வழக்கம்போல எனக்கு ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவாள். போனில் பேசலாமே என்று நினைப்பாய். அப்பாதான் வேண்டாம் என்றார். போன வாரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் யாரோ இருமினார்கள், அது அவரும் இல்லை, நானும் இல்லை.

அப்பா பேச்சு ஏன் செய்தித்தாளில் இத்தனை முறை அடிபடுகிறது என்று கேட்டிருந்தாய். உன் அப்பா குடிநீர் வாரியத்தில் குழாய் பொருத்திக்கொண்டிருந்த மனிதர், எந்தத் தெருவுக்கு எந்த வால்வு என்று தெரிந்த ஒரே ஆள் என்பதற்காகத்தான் அவரை முதலில் தேர்தலில் நிறுத்தினார்கள். முதல் சட்டமன்றத் தேர்தலில் இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றபோது எதிர்க்கட்சிக்காரர்கள் ஓர் ஓட்டைக் குழாயை நம் வாசலில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள், உனக்கு எட்டு வயது, நீ அதை அவிழ்த்து ஊதி விளையாடினாய். அதன் பிறகு மூன்று முறை ஜெயித்துப் பதிமூன்று வருஷமாக உறுப்பினராக இருக்கிறார். இப்போது குடிநீர் வாரியத்தையே ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும் மசோதாவை நம் கட்சி அரசே கொண்டு வந்திருக்கிறது, வியாழக்கிழமை வாக்கெடுப்பு. அரசுக்கு நான்கே நான்கு ஓட்டுதான் அதிகம். அப்பாவையும் சேர்த்து மூன்று பேர் எதிர்த்துக் கை தூக்கினால் மசோதா விழும், அவர்கள் சபையிலேயே இல்லாமல் போனால் பிழைத்துக்கொள்ளும். கட்சிக் கூட்டத்தில் அப்பா எழுந்து, குழாயை வித்துட்டா தண்ணியை யார்கிட்டண்ணே போய்க் கேக்கறது என்று தலைவரிடமே கேட்டிருக்கிறார். தலைவர் கோபப்படவில்லை, சிரித்தாராம். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாகக் குறைகிறது. வாசல் காவலரை வேறு பணிக்கு என்று அழைத்துக்கொண்டார்கள், போகும்போது அவர் தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனார், திரும்பி வருகிற ஆள் நாற்காலியை எடுத்துப் போவாரா. முன்னறையில் காலையில் நாற்பது பேர் காத்திருப்பார்களே, நேற்று ஒரே ஒருவர், அவரும் வழி கேட்க வந்தவர். எதிரே தையல்கடை முன்னால் ஒரு வெள்ளைக் கார் நான்கு நாளாக நிற்கிறது, உள்ளே எப்போதும் இரண்டு பேர். அக்கா, அந்தக் காருக்கு ஒரு உறை தைச்சுப் போட்டுடவா, வெயில்ல காயுது பாவம் என்றார் தையல்காரர், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை கட்சிக் கொறடா வந்தார், உறுப்பினர்கள் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு போடுகிறவர் அவர்தான். அப்பா தலைநகரில் உறுப்பினர் விடுதியில் இருக்கிறார் என்று தெரிந்தே வந்தார். தேநீரை நிதானமாகக் குடித்தார். அண்ணன் நல்லவரு, நல்லவங்களுக்குத்தான் ஓய்வு வேணும் அக்கா என்றார். கிளம்பும்போது உன் தங்கையின் தலையைத் தடவி, பாப்பா கையெழுத்து அச்சு மாதிரி இருக்குதாமே, ஃபைல் சொன்னாரு என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார், ஆனாலும் அவர் போன பிறகு அந்தக் கோப்பையை நான் இரண்டு முறை கழுவினேன்.

ஃபைல் என்று அவர் சொன்னது நம் ஃபைல் மாமாவை. கல்யாண வீட்டுக்குக்கூட அக்குளில் கோப்போடு வருகிறார் என்று நீ வைத்த பெயர் இப்போது கட்சி முழுவதும் பரவிவிட்டது. பதிமூன்று வருஷமாக அப்பாவுக்கு உதவியாளர், ஒன்பது நாளாக ஆளைக் காணோம். வீட்டுக்குப் போய்க் கேட்டேன், அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, ஊர்ல இல்லக்கா என்றாள், உள்ளே அவருடைய செருப்பு கிடந்தது. எனக்கு அப்போதே பயம் வந்தது, ஏனென்றால் நம் வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா தன் பெயர் அச்சிட்ட முப்பது வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவார், வருகிறவர்களின் குறையை நான் கேட்பேன், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அந்தத் தாளில் உன் தங்கை சிபாரிசுக் கடிதம் எழுதுவாள், ஃபைல் மாமா முத்திரை குத்துவார். அவள் கைக்கு முன்னால் உன் கைதான் எழுதியது. அப்பா வரும்வரை யாரையும் காக்க வைக்கக் கூடாது என்று ஏற்பட்ட வழக்கம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

நேற்று என்ன நடந்தது தெரியுமா, அப்பாவோடு சேர்ந்து எதிர்க்கிற பக்கத்துத் தொகுதிக்காரரின் ராஜினாமாக் கடிதம் என்று ஒன்றைச் சபாநாயகர் சபையில் வாசித்திருக்கிறார். அந்த மனிதர் எழுந்து, நான் எழுதலை, நான் எழுதலை என்று கத்தியிருக்கிறார். கையெழுத்து உங்களுடையதா என்று மட்டும் கேட்டார்களாம், ஆமாம் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது, காவலர்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவர் வீட்டிலும் நம்மைப் போலவே வெற்றுத் தாள் வழக்கம் உண்டு. உடனே அப்பா ஓட்டுநரின் போனிலிருந்து கூப்பிட்டு, பெட்டியில எத்தனை தாள் இருக்கு, எண்ணிச் சொல்லு என்றார். உன் தங்கை எழுதுகிற சிபாரிசுகளுக்கெல்லாம் நோட்டில் எண் போட்டு வைத்திருக்கிறாள். பெட்டியில் இருந்த கட்டுகளையெல்லாம் பார்த்தோம், ஒரு கட்டில் பத்தொன்பது எழுதியிருக்கிறாள், மீதி பதினொன்று இருக்க வேண்டும், பத்துதான் இருக்கிறது. அப்பா திரும்ப ஒரு முறை எண்ணச் சொன்னார், அதே பத்துதான். பிறகு, ஒரு தாள் வெளிய போனது உறுதின்னா நானே முந்திக்கிட்டு சபாநாயகர்கிட்டப் போய், வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்ட முட்டாள் நான்தான்னு எழுதிக் குடுத்துடறேன், ஊரே சிரிக்கும், ஆனா பதவி நிக்கும், எதிர்த்து ஓட்டுப் போடலாம், வெறும் சந்தேகத்துக்குப் போய் நின்னா இத்தனை வருஷம் குடுத்த சிபாரிசெல்லாம் பொய்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும், நல்லா விசாரிச்சு நாளைக்குச் சாயந்தரம் சொல்லு என்றார். உன் தங்கையைக் கேட்டேன். தெரியாதும்மா, எண்ணினது தப்பாயிருக்கும் என்றாள். அவள் பொய் சொல்லும் பெண் இல்லை. அதனால் எண்ணிக்கைப் பிழைதான், பயப்படாதீர்கள் என்று இன்று சாயந்தரம் அப்பாவுக்குச் சொல்லப் போகிறேன்.

நீ லீவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பாதே. இது உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை தாண்டியிருக்கும். அப்பா அனுப்பினார் என்று யாராவது வந்து எதில் கையெழுத்துக் கேட்டாலும் போடாதே, எழுதியிருப்பதை முழுவதும் படிக்காமல் பேனாவையே தொடாதே, இதை நான் உன் அப்பாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நல்லபடியாக இரு, என் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். காது மப்ளரை மறக்காதே.

உன் அம்மா

அண்ணா, இனி வருவது அம்மா சொன்னதல்ல. அம்மா துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள். குறைகிற அந்தத் தாளில் எழுதியது நான். பத்து நாளைக்கு முன் அம்மா பல் மருத்துவரிடம் போயிருந்தபோது ஃபைல் மாமா வந்து, ஊர் நூலகக் குழுத் தலைவர் பொறுப்பை அப்பா விடறாரு பாப்பா, உன்னை மாதிரி அழகா எழுத யாரால முடியும் என்று ஒரு குறிப்பைக் கொடுத்தார். நான் வகிக்கும் பொறுப்பிலிருந்து எவருடைய வற்புறுத்தலும் இன்றி விலகுகிறேன் என்று இருந்தது. எந்தப் பொறுப்பு, யாருக்கு என்பதையெல்லாம் தான் டைப் அடித்துக்கொள்வதாகவும் மேலே இடம் விட்டுத் தேதியையும் விட்டுவிடும்படியும் சொன்னார். சிபாரிசுக் கடிதம் இல்லை என்பதால் நான் நோட்டில் ஏற்றவில்லை. வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று 'முழு மனதோடு' என்பதை நானே சேர்த்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, அடடா, எனக்குத் தோணலையே என்றார். எனக்கு அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது.

கொறடா தலையைத் தடவியபோது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. நேற்று வானொலியில் பக்கத்துத் தொகுதிக்காரரின் கடிதத்தைச் சொன்னார்கள், 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி' என்பது அதிலும் அப்படியே இருந்தது. அப்போது முழுவதும் புரிந்தது. அதன் பிறகுதான் அம்மா கேட்டாள், அதன் பிறகும் நான் தெரியாது என்றேன். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் என் எழுத்தைத்தான் காட்டுவார்.

ஒவ்வொரு கடிதத்திலும் நானாகச் சேர்க்கிற இரண்டொரு வரியை அம்மாவுக்கு வாசிக்கும்போது தாண்டிப் போய்விடுவேன், அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்பா கூப்பிட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அம்மா துணிக் குவியலோடு இறங்கி வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள், என்னடி இன்னும் எழுதற, வாசி கேப்போம் என்கிறாள். இந்த முறை ஒரு வரியையும் தாண்ட மாட்டேன்.

உன் தங்கை