திட்டக்குடிக்காரரின் ஏரி ஆட்டம்

தோஹா

அன்புள்ள தஸ்னீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். லால்பேட்டையில் மழை உண்டா? உம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

வெள்ளிக்கிழமைகளில் அறை நண்பர்களோடு போர்டு கேம் ஆடி, நான் விமர்சன வீடியோ போடுவது உனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரான திட்டக்குடி ஜெயப்பிரகாஷ், ஏரித் தண்ணீரைப் பங்கிடும் ஆட்டம் ஒன்றை லீவில் ஊருக்குப் போனபோது வீட்டிலேயே அட்டையில் செய்து கொண்டுவந்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "இதுக்கு மூளையே வேணாம்" என்று கேலி பேசி வீடியோ போட்டுவிட்டேன்.

மறுநாள் அவர் மெதுவாகச் சொன்னார்: "வீட்டுல பாத்துட்டாங்க மச்சான். அதுக்குக் கலர் அடிச்சது எம்பொண்ணு. போன்ல பேச மாட்டேங்குது."

வீடியோவை அழித்தேன். நேற்று முழுதாக ஆடினோம். நல்ல ஆட்டம்தான். அவர் முகத்தைப் பார்க்கத்தான் கூசியது.

நம் மகள் ஹாஜராவிடம் இதைச் சொல்லாதே. அவள் வரைந்த படம் ஒன்று அனுப்பு.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

சைபுல்லா