வெள்ளிச் சாயம் பூசிய மத்திகள்

ஜனவரி 17

வேலையில்லாதோர் உதவித்தொகையை இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பார்களாம், வானொலியில் சொன்னார்கள். ஆனால் பயிற்சி வகுப்பை ஒரு தடவைகூடத் தவறவிட்டிருக்கக் கூடாதாம். மூன்று வருடத்தில் சுயவிவரம் எழுதுவது எப்படி என்று நான்கு முறை படித்தாகிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதை எப்படி எழுதினாலும் ஐம்பத்து மூன்றுதானே!

ஜனவரி 20

பில்பாவோவிலிருந்து மகன் ரூபேன் பேசினான். "வாடகை கட்ட முடியலேன்னா இங்க வந்துடும்மா. பசங்க ரூம்ல உனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கேன்." நல்ல பிள்ளைதான். ஆனால் நான் பிறந்து வளர்ந்த காதிஸ் ஊரை விட்டுப் போவதா? பேரப்பிள்ளைகளின் பொம்மைகளுக்கு நடுவே படுத்துக் கிடப்பதா? மாட்டேன்.

பிப்ரவரி 3

பாட்டு ஒத்திகை. மீன் டப்பா ஆலையில் வேலை போன, என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கும் இந்தக் கார்னிவல் திருவிழாவில் மத்தி மீன் வேடம். முகமெல்லாம் வெள்ளிச் சாயம். எங்களில் ஒருத்தியான மக்தலேனா எழுதிய வரி: "டப்பாவிலிருந்து விழுந்த மத்தி, எந்த வீட்டுப் பூனைக்கு நாங்கடி?"

பிப்ரவரி 8

வகுப்புக்கு அழைப்பு. என்றைக்கு? கார்னிவல் திங்கள்! ஊருக்கே விடுமுறை. மாட்ரிட்டில் உட்கார்ந்து தேதி போட்ட புண்ணியவானுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

மக்தலேனா சொல்லிவிட்டாள். "போகலேன்னா சீட்டைக் கிழிச்சிடுவானுங்கடி. வேஷத்தோடவே போவோம்."

பிப்ரவரி 11

போனோம். வகுப்பு நடக்கும் வேலைவாய்ப்பு அலுவலகம் பூட்டிக் கிடந்தது. விடுமுறையாம்! வாசலிலேயே நின்று பாடினோம். கூட்டம் கூடிவிட்டது. பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார்.

பிப்ரவரி 25

அலுவலகப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'வரவில்லை'. பன்னிரண்டு பேருக்கும் அப்படித்தான். நீட்டிப்பு கிடையாது.

பத்திரிகைப் படத்தை அதிகாரி உர்பானோவின் மேசையில் வைத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இதுல நீங்க யாரும்மா? எல்லாம் ஒரே மீனா இருக்கு."

"பூட்டின கதவு தெரியுதுல்ல?"

"கதவு தெரியுது. ஆள்தான் தெரியல."

ஆள் தெரியலையாம்! இரு, நாளைக்குத் தெரியும்.

பிப்ரவரி 26

கார்னிவல் முடிந்து தவக்காலம் தொடங்கிய பிறகும் வெள்ளி முகத்தோடு பஸ் ஏறினேன். எதிரே இருந்தவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மத்திகளும் உர்பானோவின் முன்னால் வரிசை கட்டினோம்.

"படத்தை எடுங்கய்யா. ஒவ்வொருத்தியா ஒப்பிட்டுப் பாருங்க. அவசரமே இல்ல, எங்களுக்கு வேற ஜோலி கிடையாது."

பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உர்பானோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க!"

"கழுவினா மறுபடியும் ஆள் தெரியலேம்பீங்க."

பாட ஆரம்பித்தோம். நிறுத்தவில்லை. கடைசியில் மாடியிலிருந்து அலுவலக இயக்குநர் அம்மாவே இறங்கி வந்தார். போலீஸைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். பயமில்லை என்று பொய் எழுதமாட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "லீவு நாள்ல வகுப்பு வெச்சது யாரு?" என்றார். உர்பானோ கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மார்ச் 1

பதில் இல்லை. காதோரத்துச் சாயம் போகவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 12

எல்லோருக்கும் 'வரவில்லை'யை நீக்கிவிட்டார்கள். ஆறு மாதம் நீட்டிப்பு. இதுதான் கடைசித் தடவை என்கிறார் மந்திரி. சொல்லட்டும், சொல்லட்டும்.

ரூபேனிடம் கட்டிலை எடுத்துவிடச் சொன்னேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. ஆகஸ்ட்ல சும்மா வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போயேன்."

"ஆகஸ்ட்ல முடியாதுடா. நீட்டிப்பு முடியப்போற நேரம். எனக்கு இங்க வேலை இருக்கு."