மடிப்பில் இருந்த அட்சதை

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை

அக்காவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்க மனசு வரலை.

நேத்து ஒரு புடவை ரிட்டர்ன் வந்துச்சு. நான் ஆன்லைன்ல வித்த அரக்குப் பட்டு. 'கறையோட வந்தது, கட்டவே இல்லை'ன்னு காரணம் எழுதியிருந்தது. அந்த ஆன்லைன் கம்பெனிக்காரங்களும் அதை நம்பி என் கடை மேல புகார் பதிஞ்சுட்டாங்க. பிரிச்சா சந்தனக் கறை, வேர்வை நாத்தம், முந்தானை மடிப்புக்குள்ள அட்சதை. திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி உதறக்கூட உனக்கு நேரமில்லையா?

ஆமா, உன்னைத்தான் கேக்குறேன். யார் பேர்ல ஆர்டர் போட்டா என்ன? பச்சையும் அரக்கும் கலந்து நான் முடிஞ்ச குஞ்சம் எனக்குத் தெரியாதா? உன் பொண்ணு தமிழ்நிலா கல்யாண போட்டோ சொந்தக்காரங்க வாட்ஸ்அப்புல சுத்துது. திருக்காட்டுப்பள்ளி மண்டபத்துல, பொண்ணுக்குப் பக்கத்துல, அதே புடவையில நீ நிக்கிறே.

புருஷன் செத்தவ கை பட்டா ஆகாதுன்னுதானே கூடப்பிறந்த எனக்கு நீ பத்திரிகை வைக்கலை? அந்தக் கை மடிச்சுக் கொடுத்த புடவை மட்டும் எப்படி மேடையேறுச்சு? வெக்கமா இல்ல உனக்கு?

அந்தப் போட்டோவைக் கம்பெனிக்கு அனுப்பினா புகார் அன்னைக்கே அடிபட்டுப் போயிடும். அனுப்பத்தான் போனேன், அனுப்பலை. உனக்காக இல்ல, நான் தூக்கி வளர்த்த பொண்ணுக்காக.

புடவையை இதோட வெச்சிருக்கேன், நீயே கட்டிக்க. அட்சதையை மட்டும் எடுத்துக்கிட்டேன். போன்ல பொண்ணு மாப்பிள்ளை படத்தைத் திறந்து, இதே கையால போட்டுட்டேன்.

அதை உன்னால ரிட்டர்ன் அனுப்ப முடியாது.

உன் தங்கச்சி